எதிர்ல ஆளு நிக்குது, டிம் பண்ணு

ஹாலின் கூரையில் எட்டு விளக்குகள் பதித்த நாலாம் நாள் சாயங்காலம், என் வீட்டுக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: “எதிர்ல ஆளு நிக்குது. டிம் பண்ணு.”

நான் பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடச் சட்டைகளுக்குக் காலர் வைக்கிற வேலை. மிதியிலிருந்து காலை எடுக்காமலே என்னங்க என்று கேட்டேன். கொஞ்சம் பொறுத்து அதையே மறுபடி சொன்னார். இந்தத் தடவை குரலில் அவசரம் இருந்தது. எழுந்து போனேன்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஜன்னலுக்கு எதிரே நின்றிருந்தார். ஒரு கை நாற்காலியின் முதுகைப் பிடித்திருந்தது. இன்னொரு கை இடுப்புக்குப் பக்கத்தில் எதையோ தேடித் தேடித் திருகிக்கொண்டிருந்தது. வெளியே பனி இறங்கிவிட்டிருந்தது. ஐப்பசியில் எங்கள் பக்கம் ஐந்து மணிக்கே பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்து வாசலில் இருக்கும் காப்பிச் செடிகளை மூடிவிடும். ஆறு மணிக்கு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எதுவுமே இருக்காது. அதனால் கண்ணாடியில் எங்கள் ஹால் முழுசாகத் தெரிந்தது. எட்டு விளக்கு, சுவர்க் கடிகாரம், போர்வைக்குள் ஓர் ஆள், அவருக்குப் பின்னால் கையில் ஊசி நூலோடு நான்.

“அது நீங்கதானுங்க,” என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வழி தெரியாமல் கேட்கிற பயணியைப் பார்க்கிற பார்வை. பிறகு மறுபடியும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, ரொம்பத் தணிந்த குரலில், “கண்ணு கூசுது அவருக்கு,” என்றார்.

நான் விளக்கை அணைத்தேன். ஹால் இருண்டதும் கண்ணாடியில் இருந்தவர் போய்விட்டார். ஆனால் இருட்டு எங்களுக்கு ஆகாது. என் வீட்டுக்காரருக்கு இரண்டு வருஷமாக மறதி. சாயங்காலம் ஆனால் கூடிவிடும். இருட்டில் கால் தடுக்கி ஏற்கெனவே ஒரு தடவை விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டார். அதனால்தான் ஓசூரில் வேலை பார்க்கிற எங்கள் மகன் தீபாவளிக்கு வந்தபோது, அப்பாவுக்கு வெளிச்சம் பத்தவில்லை என்று, கூரைக்கு அடியில் அட்டைத் தளம் போட்டு, வெள்ளை எல்.இ.டி. விளக்கு எட்டைப் பதிக்க வைத்துவிட்டுப் போனான். அவன் செய்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அதற்கு முன்னால் அந்த ஹாலில் ஒரே ஒரு மஞ்சள் பல்புதான், அதுவும் ஒரு மூலையில். அந்த வெளிச்சத்தில் கண்ணாடி எதையும் காட்டியதில்லை.

அந்த ஜன்னல் அவர் ஆசைப்பட்டு வைத்தது. முப்பது வருஷத்துக்கு மேல் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே பஸ் ஓட்டியவர். மாரமங்கலம் போகிற ரோட்டுக்கு மேலே, மேட்டில் இந்த வீட்டைக் கட்டும்போது, தைக்க வெளிச்சமாக ஓர் அறை வேண்டும் என்று நான் கேட்டேன். அவர் கேட்டது ஹாலில் ஒரே கண்ணாடியாக அகலமான ஜன்னல். மேஸ்திரி நடுவில் கம்பி வைக்கலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். பஸ்ஸுக்கு முன்கண்ணாடி எப்படியோ அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இவர் முடித்துவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு தினமும் அதன் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ரோட்டில் பஸ் போனால், ஹாரன் சத்தத்தை வைத்தே எந்த வண்டி என்று சொல்லுவார்.

மறுநாளும் அந்த ஆள் வந்தார். அதற்கு மறுநாளும். சரியாகப் பனி ஏறுகிற நேரம். என் வீட்டுக்காரர் எழுந்து நிற்பார், கண்ணாடியைப் பார்ப்பார், டிம் பண்ணச் சொல்லிக் கேட்பார். நான் அணைத்தால், இருட்டில் ஓட்ட முடியாது என்று பதறுவார். போட்டால், ஆளுக்குக் கண் கூசுகிறது என்று பதறுவார். சேலத்து டாக்டரிடம் போனபோது, இந்த நோயில் பொழுது சாயும் நேரம் இப்படித்தான் என்றும், சிலருக்குத் தன் முகமே அடையாளம் தெரியாமல் போகும் என்றும் சொன்னார். கண்ணாடியைத் திரை போட்டு மூடுங்கள் என்றார். நானே துணி எடுத்து நல்ல கெட்டித் திரையாகத் தைத்து மாட்டினேன். அன்றைக்குச் சாயங்காலமே வளையங்களோடு பிடுங்கித் தரையில் போட்டிருந்தார். முன்கண்ணாடியை மறைத்தால் வண்டி எங்கே போகும் என்று என்னிடம் கேட்டார். கோபமாகக்கூட இல்லை. எனக்கு ஏன் இது தெரியவில்லை என்கிற ஆச்சரியத்தோடு கேட்டார்.

அதன் பிறகுதான் அவர் வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்வோம் என்று தோன்றியது. டிம் பண்ணு என்றால் டிம் பண்ணிவிடலாமே. ஏற்காட்டு பஜாரில் மின்சாமான் கடைக்குப் போய், விளக்கைக் குறைத்து வைக்க ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் முதலில் ஃபேன் ரெகுலேட்டரையே போட்டுக்கொள்ளலாம் என்றார். பிறகு உள்ளே தேடி ஒரு டிம்மரை எடுத்தார். வட்டமாகத் திருகுகிற குமிழ். தெரிந்த ஆள் ஒருவரையும் அனுப்பிவைத்தார். அவர் வந்து அரை மணியில் மாட்டிவிட்டுப் போனார்.

அன்றைக்குச் சாயங்காலமே அதைத் திருகிப் பார்த்தேன்.

ஆறு மணிக்கு என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். நான் குமிழைத் திருகினேன். பாதி வரைக்கும் ஒன்றுமே ஆகவில்லை. பாதியைத் தாண்டியதும் எட்டு விளக்கும் துடிக்க ஆரம்பித்தன. கண்ணாடியில் இருந்த ஆள் வந்தார், போனார், வந்தார், போனார். சுவருக்குள்ளிருந்து ஒரு முனகல் கேட்டது. யாரோ வாயைத் திறக்காமல் எதையோ சொல்லிக்கொண்டே இருப்பது போன்ற சத்தம். பயந்துபோய்க் கடைசிவரை திருகி அணைத்தேன். விளக்குகள் அணைந்தன. ஆனால் முழுசாக அணையவில்லை. கண் பழகியதும் தெரிந்தது. கூரையில் எட்டு வட்டங்களும், சாம்பல் பூத்த மாதிரி, மங்கலாக எரிந்துகொண்டே இருந்தன. அந்த வெளிச்சத்தில் என் கையைப் பார்த்தேன். உயிர் இல்லாதவர்களின் கை அந்த நிறத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

“போகல,” என்றார் அவர். “லைட்டை அணைச்சுட்டு நிக்குது.”

மெயின் சுவிட்சை அணைத்து மொத்த வீட்டையும் இருட்டாக்கிவிட்டு, சமையலறையில் மெழுகுவத்தி ஏற்றி, அவரை அங்கே கூட்டிவந்து உட்காரவைத்தேன். சாப்பிட்டு முடிக்கிற வரை ஹால் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்தான்.

காலையில் முதல் வேலையாகக் கிளியூரில் இருக்கும் எலெக்ட்ரீஷியன் பெண்ணுக்கு ஃபோன் செய்தேன். அவள் அப்பா அம்மா இருவரும் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பவர்கள். இவள் சேலத்தில் ஐ.டி.ஐ. படித்துவிட்டு, ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் மோட்டார், வயரிங் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும். என் தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டிக் கொடுத்ததிலிருந்து பழக்கம். மத்தியானம் தன் பழைய ஸ்கூட்டியில் வந்தாள். நான் முனகலைப் பற்றியும் அணையாத விளக்கைப் பற்றியும் சொன்னபோது சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்தது. சுவிட்ச்பெட்டியைக் கழற்றி, டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். பிறகு ஏணியில் ஏறிக் கூரையிலிருந்து ஒரு விளக்கை இறக்கினாள்.

“டிம்மர் மாட்டுனவரு சுவிட்சை நியூட்ரல்ல போட்டுட்டாருங்கக்கா. கரண்டு வர்ற பேஸ் வயர்ல போட்டிருக்கோணும். சுவிட்சை அணைச்சாலும் லைட்டுக்குக் கரண்டு லேசாப் போயிட்டேதான் இருக்கும். குண்டு பல்பா இருந்தா அது கண்ணுக்குத் தெரியாது. எல்.இ.டி.க்கு அதுவே போதுமுங்க, எரியும்.”

எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. முனகலுக்கும் காரணம் சொன்னாள். அந்த டிம்மர் பழைய குண்டு பல்புக்காகச் செய்தது. அதற்கு ஓர் அளவாவது பளு இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். என் எட்டு விளக்கும் சேர்ந்தே ஒரு குண்டு பல்பு இழுக்கிற அளவுக்கு இழுக்கவில்லை. அதுவும் போக, எல்.இ.டி. எல்லாமே குறையாது. குறைக்கலாம் என்று பெட்டியில் போட்டிருந்தால்தான் குறையும். அவள் விளக்கின் பின்னால் தொங்கிய தீப்பெட்டி அளவுப் பெட்டியைக் காட்டி, “இந்த டிரைவர்தான் ஒத்து வரலீங்க. டிரைவரை மாத்தோணும்,” என்றாள்.

நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் சட்டென்று நிமிர்ந்தார். என்ன கம்ப்ளெயின்ட் என்று கேட்டார். அவள் ஏணியிலிருந்து இறங்கி வந்து, உங்களைச் சொல்லலீங்க ஐயா, லைட்டுக்குள்ள ஒரு டிரைவர் இருக்குது, அதுக்குத்தான் ரோடு தெரியல என்று பணிவாகச் சொன்னாள். அவர் யோசித்துவிட்டு, புதுசா வந்தவனா இருப்பான் என்றார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்று நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம்.

பிறகு அவள் அறை அறையாக என்னோடு வந்தாள். என் தையலறையில் இருப்பது நீளமான டியூப் லைட். அதைக் குறைக்கிற வழியே கிடையாது, குறைக்கவும் வேண்டாம், ஊசி கோக்கிறவங்களுக்கு வெளிச்சம் கொறையக் கூடாது என்றாள். குளியலறையிலும் படியிலும் டிம்மர் என்ற பேச்சே எடுக்காதீர்கள், ஈரத்தில் கால் வைக்கிற இடத்தில் வெளிச்சம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்றாள். படுக்கையறையில் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய குண்டு பல்பு ஒன்று இன்னும் இருந்தது. கடைக்காரர் கொடுத்த டிம்மரை அங்கே மாட்டிக் காட்டினாள். என்ன அழகாகக் குறைந்தது. வெள்ளையிலிருந்து மஞ்சள், மஞ்சளிலிருந்து செம்மஞ்சள், கடைசியில் அடுப்புத் தணல் மாதிரி ஒரு சிவப்புக் கம்பி. சத்தமே இல்லை. ஹாலில் மட்டும் விளக்கும் டிரைவரும் டிம்மரும் மூன்றும் மாறவேண்டும் என்றாள். வெள்ளை எல்.இ.டி.யைக் குறைத்தால் நிறம் மாறாது, முகமெல்லாம் சாம்பலாகத் தெரியும், அதனால் மஞ்சள் வெளிச்சமாகவே வாங்குங்கள், எல்.இ.டி.க்கென்று செய்த டிம்மராகக் கேளுங்கள், ஏற்காட்டில் கிடைக்காது, சேலம்தான் போகவேண்டும் என்று சொல்லி, காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். கையோடு பழைய விளக்கு ஒன்றையும் கொடுத்தனுப்பினாள், ஓட்டையின் அளவு தப்பாமல் இருக்க.

பக்கத்து வீட்டம்மாவை அவருக்குத் துணையாக வைத்துவிட்டுக் கிளம்பினேன். சேலம் போக பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட் கிடைத்தது. பாதி மலை இறங்கும்போது ஒரு கொண்டையூசி வளைவு. உட்பக்கம் பாறை, வெளிப்பக்கம் பள்ளம், ஒரு பெரிய பலா மரம். அங்கே வண்டி திரும்பியபோது எனக்கு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில் சில நாள் கடைசி டிரிப்பில் இதே சீட்டில் உட்கார்ந்து அவரோடு வீட்டுக்கு வருவேன். இந்த வளைவுக்கு வந்தால் எதிரே ஒரு வண்டி இல்லாவிட்டாலும் ஹெட்லைட்டை டிம் செய்வார். வளைவு முடிந்த பிறகுதான் பிரைட் போடுவார். கண்டக்டர் அதைக் கேலி செய்வார். நான் ஒரு தடவை ஏன் என்று கேட்டேன். ஒரு மரியாதைக்கு என்றார். கோயில் ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இப்போது பகல் வெளிச்சத்தில் நன்றாகப் பார்த்தேன். அங்கே கோயில் இல்லை, கல்கூட இல்லை.

அன்று திரும்பி வந்ததும் சாயங்காலக் காப்பியைக் கொடுத்துவிட்டு, பலா மர வளைவில் ஏனுங்க டிம் பண்ணுவீங்க என்று கேட்டேன். நேற்று சாப்பிட்டது அவருக்கு ஞாபகம் இருக்காது. இதற்குத் தடுமாறாமல் பதில் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், நல்ல பனி, பிரைட் போட்டு ஏறிக்கொண்டிருந்தார். பனியில் பிரைட் போட்டால் வெளிச்சம் சுவரில் பட்டது போல் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், அது அப்போது அவருக்குத் தெரியாது. வளைவில் திரும்பும்போது ரோட்டு நடுவில் கம்பளி போர்த்தி ஓர் ஆள். கையைத் தூக்கிக் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றார். இவர் பிரேக்கை மிதித்து நிறுத்தி, இறங்கிப் போய்ப் பார்த்தார். யாரும் இல்லை. அடியில் குனிந்து பார்த்தார், பள்ளத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். யாரும் இல்லை. பயணிகள் சத்தம் போட்டதால் வண்டியை எடுத்தார். மறுநாள் விடிந்ததும் தனியாக நடந்து வந்தும் தேடியிருக்கிறார்.

“அடிபட்ட சத்தமே கேக்கல புள்ள,” என்றார். “கண்ணு கூசித்தான் போயிட்டாரு.”

நாற்பது வருஷக் குடித்தனத்தில் இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த ஆள்தான் ஜன்னலில் வருகிறாரா என்று கேட்க நினைத்து ஜன்னலைப் பார்த்தேன். அவரே சொன்னார். வேறு யாரு என்றார்.

இரண்டு நாளில் எலெக்ட்ரீஷியன் பெண் வந்து எல்லாவற்றையும் மாற்றினாள். சுவிட்சைப் பேஸுக்குக் கொண்டுவந்தாள். எட்டுக்குப் பதில் ஆறு போதும் என்று, ஜன்னலுக்கு நேரே இருந்த இரண்டை எடுத்துவிட்டு ஓட்டையை அடைத்தாள். கீழ் அளவு எவ்வளவு வரை இறங்கலாம் என்று டிம்மரின் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருந்தது. விளக்கு துடிக்காத இடமாகப் பார்த்து அதைச் சரி செய்தாள். அன்று ஆறு மணிக்குக் குமிழைத் திருகினேன். முனகல் இல்லை, துடிப்பு இல்லை. வெளிச்சம் மெல்ல இறங்கி, நெய் விளக்கு அளவுக்கு வந்து நின்றது. கண்ணாடியில் ஹால் மறைந்தது. அன்று பனி கொஞ்சம் விலகியிருந்ததால், கீழே சேலத்தின் விளக்குகள் தெரிந்தன. என் வீட்டுக்காரர் நின்று பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

மூன்று நாள் அப்படியே போனது. இரவெல்லாம் தூங்கினார். நான் மகனுக்கு ஃபோன் போட்டு, சரியாகிவிட்டது என்று சொன்னேன்.

நாலாவது நாள் அவர் தேட ஆரம்பித்தார். நாற்காலிக்குப் பின்னால் பார்த்தார். பீரோவைத் திறந்தார். கண்ணாடியில் நெற்றியை வைத்து, இரண்டு கையாலும் கண்ணுக்கு ஓரம் மறைத்து, வெளியே பனிக்குள் பார்த்தார். ஆளைக் காணோம் என்றார். வந்தால் உட்காரட்டும் என்று இன்னொரு நாற்காலியை இழுத்துவந்து தனக்குப் பக்கத்தில் போட்டார். எனக்கு அன்றைக்கு உறைத்தது. அவர் ஒரு நாளும் அந்த ஆளைப் போகச் சொன்னதில்லை. வெளிச்சத்தைக் குறைக்கத்தான் சொன்னார்.

இது புரிந்தும் நான் ஒன்றும் செய்யவில்லை. மறந்துவிடுவார் என்று நினைத்தேன். எல்லாவற்றையும் மறக்கிறவர்தானே.

அடுத்த வாரம் பள்ளிக்கூட ஆர்டரை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. மெஷின் சத்தத்தில் எனக்குக் கதவு திறந்தது கேட்கவில்லை. பொத்தான் வைத்து முடித்து ஹாலுக்கு வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. பனி வாசற்படி தாண்டி உள்ளே வந்திருந்தது. நாற்காலி இரண்டும் காலி. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். டார்ச்சின் வெளிச்சம் இரண்டடி போய்ப் பனியில் முட்டி என் முகத்துக்கே திரும்பி வந்தது. ஏனுங்க, ஏனுங்க என்று கூப்பிட்டேன். அந்தப் பனியில் குரலும் தூரம் போகாது. சில்வர் ஓக் மரங்களிலிருந்து சொட்டுகிற தண்ணீர்தான் எல்லாப் பக்கத்திலிருந்தும் கேட்டது. அது யாரோ நடக்கிற மாதிரியே இருந்தது. காட்டெருமை இறங்குகிற நேரம் வேறு. ரோட்டுக்கு இறங்கி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றேன்.

அப்போது வளைவில் வண்டி உருளுகிற சத்தம் மட்டும் வந்தது. வெளிச்சம் வரவில்லை. கிட்டே வந்த பிறகு தெரிந்தது. அந்த எலெக்ட்ரீஷியன் பெண் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். இன்னொரு பக்கம், அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, கம்பளியோடு என் வீட்டுக்காரர்.

வீட்டுக்குள் வந்து அவரை உட்காரவைத்துக் காலைத் துடைத்துவிட்ட பிறகு, அவள் என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். எஸ்டேட் பங்களா ஒன்றில் வேலை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தாளாம். தண்ணீர் கொடுத்தேன்.

“இந்தக் கீழ் வளைவுல நடு ரோட்டுல ஒரு ஆளு நின்னாருங்கக்கா. கம்பளி போத்திட்டு, கைய இப்படித் தூக்கிக் கண்ண மறைச்சுட்டு. எனக்கு உசுரே போயிருச்சு. என்னமோ தோணி லைட்ட அணைச்சுட்டேன். அணைச்சதும் கையை இறக்கினாருங்க. அப்புறந்தான் நம்ம ஐயான்னு தெரிஞ்சுது.”

நான் அவளிடம் பலா மர வளைவைப் பற்றிச் சொன்னதே இல்லை. அன்றும் சொல்லவில்லை. ராத்திரி அவள் இந்தப் பனி ரோட்டிலேதானே தனியாகப் போகவேண்டும்.

அவள் போனபின், அவர் எங்கே போனார் என்று அவரிடமே கேட்டேன். பனியிலே நின்னுட்டிருப்பாரில்ல, கூட்டிட்டு வரலாம்னு போனேன் என்றார். பார்த்தீர்களா என்றேன். ஒரு வண்டி வந்துச்சு, பிரைட் போட்டு வந்துச்சு, ஒண்ணும் தெரியல என்றார்.

மறுநாள் வாசல் கதவுக்கு மேலே, அவர் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள் வைத்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு நானே போய்க் குமிழைப் பிடித்தேன். இந்தத் தடவை குறைக்க அல்ல. அடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். கண்ணாடியில் முதலில் கடிகாரத்தின் வட்டம் வந்தது. பிறகு நாற்காலியின் விளிம்பு. இன்னும் ஒரு மயிரிழை திருகியதும் அவருடைய உருவம் வந்தது. முகம் தெரியாது. போர்வையின் வடிவம், தலை, அவ்வளவுதான். அந்த உருவத்துக்குள்ளேயே வெளியில் பனியில் மங்கலாக நிற்கும் காப்பிச் செடியும் தெரிந்தது. ஆள் பனிக்குள் நிற்கிற மாதிரியும் இருந்தது, எங்கள் ஹாலுக்குள் நிற்கிற மாதிரியும் இருந்தது. என் வீட்டுக்காரர் மூச்சை விட்டார். போதும் என்று கையைக் காட்டினார். அந்த இடத்தில் குமிழின் ஓரத்தில் என் தையல் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுவைத்தேன். அது அழிய அழியத் திரும்பப் போடுவேன்.

அதிலிருந்து சாயங்காலங்கள் அமைதியாகப் போயின. அவர் ஜன்னலைப் பார்த்து ஏதாவது பேசிக்கொண்டிருப்பார். பெரும்பாலும் ரோட்டைப் பற்றி. எந்த வளைவில் மண் சரிந்திருக்கிறது, எந்த வண்டிக்கு பிரேக் சரியில்லை. நடுநடுவே பதிலுக்குக் காத்திருப்பார். பிறகு தலையை ஆட்டுவார். நான் தையலை ஹாலுக்கே எடுத்துவந்துவிட்டேன். அந்த வெளிச்சத்தில் ஊசி கோக்க முடியாது, அதனால் பகலிலேயே கோத்து வைத்துக்கொள்வேன். ஒரு நாள் என் கையைத் தன் மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, கண்ணாடியைக் காட்டி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “அவரு நல்லவரு. பக்கத்துல உக்காந்திருக்கிற அம்மா யாருன்னுதான் தெரியல.” நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை. நல்லவங்களாத்தான் இருப்பாங்க என்றேன். அன்றைக்கு அவர் தூங்கிய பிறகு குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு அழுதேன். அப்புறம் பழகிவிட்டது. அந்த அம்மாவை அவர் ஒரு நாளும் பயந்து பார்க்கவில்லை. அது போதும் எனக்கு.

இந்த ஆடியில் விடாமல் மழை. சுவருக்குள் ஓதம் இறங்கி, டிம்மர் கெட்டுப்போனது. ஒரு நாள் மத்தியானம் கரண்ட் வந்து போய் வந்ததில் ஒரு நாற்றம் அடித்தது. குமிழைத் திருகினால் ஒன்றும் நடக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் பெண்ணுக்குச் சொன்னேன். அதே சாமான் இப்போது வருவதில்லையாம். வேறு ஒன்றை சேலத்திலிருந்து வாங்கி வந்தாள். திருகுகிற குமிழ் இல்லை, மேலும் கீழும் தள்ளுகிறது. அளவு எல்லாம் புதிதாகப் பார்க்கவேண்டும். மாட்டி முடிக்கும்போது மணி ஆறாகிவிட்டது. மழை விட்டு, பனி ஏற ஆரம்பித்திருந்தது. என் வீட்டுக்காரர் எழுந்து வந்து எங்களுக்குப் பக்கத்தில், சுவிட்ச்பெட்டியின் அருகே நின்றார். ஜன்னல் எங்களுக்கு இடது பக்கம், பத்தடி தள்ளி இருந்தது. அதன் முன்னால் நாற்காலி இரண்டும் காலி.

அவள் முழு வெளிச்சத்திலிருந்து மெல்ல இறக்கினாள். அவர் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். ரிவர்ஸ் எடுக்கிற வண்டிக்குப் பின்னால் நின்று சொல்வது போலவே இருந்தது அவர் குரல். ஓர் இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“போதும். அப்படியே வை கண்ணு,” என்றார். “உக்காந்துட்டாரு.”

அவர் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார். அவளும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இருவருமே ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. அவள் ஸ்குரூடிரைவரைப் பைக்குள் போட்டு, மூடியை மாட்டி, இரண்டு திருகாணியையும் இறுக்கினாள். நான் பாலை அடுப்பில் வைக்கப் போனேன்.